மெட்ராஸ்ல கண்டுபிடிச்ச கல்லு, பள்ளத்தூர்ல போட்ட எடை

சில்வியான்னு ஒரு சிறுகோள் இருக்கு. சிறுகோள்களுக்கெல்லாம் வரிசையா ஒரு நம்பர் போடுவாங்க, இதோட நம்பர் 87. இன்னிக்கு கண்டுபிடிச்ச எண்ணிக்கை பத்து லட்சத்தை தாண்டியாச்சு, அதுல இது மொத நூறுக்குள்ள வந்த பழைய ஆளு, ஆனா நம்ம பக்கத்துல எத்தனை பேருக்கு தெரியும்னு கேட்டா சந்தேகந்தான், இத்தனைக்கும் இதை கண்டுபிடிச்சது லண்டன்லயோ பாரீஸ்லயோ இல்ல, நம்ம மெட்ராஸ் நுங்கம்பாக்கத்துல.

1866 மே 16. தேதியை கவனிங்க, கத்திரி வெயில் காலம். கரண்டும் கிடையாது ஃபேனும் கிடையாது. நார்மன் போக்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 1861ல மெட்ராஸ் வானாய்வுக்கூடத்துக்கு பொறுப்பா வந்தவரு, வந்த வருஷமே 67ஆவது சிறுகோளை புடிச்சாரு, அதுக்கு பேரு ஆசியா, ஏன்னா ஆசியாவுலேந்து கண்டுபிடிச்ச மொத சிறுகோள் அது. அப்பறம் 1864ல சாஃபோ, 1866ல சில்வியா, 1868ல கமில்லா, ரொம்ப நாள் கழிச்சு 1885ல வேரா. அஞ்சுமே மெட்ராஸ்ல. முப்பது வருஷம் இங்கயே இருந்து 1891ல மெட்ராஸ்லயே காலமாயிட்டாரு.

நம்ம ஊர்ல மழை புயல்னா டிவியில "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்"னு சொல்றாங்கல்ல, அந்த வானிலை மைய வளாகந்தான் இடம். 1792ல டெலஸ்கோப்பு வைக்க நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்க நிக்குது, அதுல தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. போக்சன் காலத்துல அங்க வேலை பார்த்தவருதான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ல வெளிச்சம் கூடிக் குறையிற ஒரு விண்மீனை கண்டுபிடிச்சவரு. எனக்கு இந்த எடத்துல ஒரு ஆதங்கம் உண்டு, ஸ்கூல் புக்குல இவங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தா என்ன கொறஞ்சு போயிரும்?

அந்தக் காலத்துல சிறுகோள் தேடுறதுன்னா கேமரா இல்ல. வானத்துல ஒரு துண்டை எடுத்துக்கிட்டு அதுல இருக்க விண்மீனையெல்லாம் கையால வரைபடமா போட்டு வச்சுக்கணும், அடுத்தடுத்த ராத்திரி அதே துண்டை டெலஸ்கோப்புல பார்த்து வரைபடத்தோட ஒப்பிடணும், நேத்து இல்லாத புள்ளி ஒன்னு இன்னிக்கு இருந்தா, இல்ல நேத்து இருந்த புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தா, அதான் ஆளு. போட்டோ எடுத்து சிறுகோள் கண்டுபிடிக்கிற வழக்கமெல்லாம் 1891லதான் ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முன்னாடி வந்தது பூராம் கண்ணும் பொறுமையுந்தான்.

இன்னொரு விஷயம். விண்மீன்களோட வெளிச்சத்துக்கு இன்னிக்கு உலகம் பூரா ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, படியோட நம்பர் கூடக் கூட மங்கல்னு அர்த்தம், அஞ்சு படி வித்தியாசம்னா சரியா நூறு மடங்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு. அதை 1856ல முன்வச்சது இதே போக்சன்தான். வெறுங்கண்ணுக்கு நல்ல இருட்டுல 6ஆவது படி வரைக்கும் தெரியும். சில்வியா பூமிக்கு கிட்ட வர்ற சமயத்துலயும் 12ஐ ஒட்டித்தான் இருக்கும், அப்ப ஆறு படி, அவர் கணக்குப்படியே 250 மடங்கு மங்கல். தூரம் மட்டும் காரணமில்ல, கல்லே கரி மாதிரி இருட்டு, மேல விழுற சூரிய வெளிச்சத்துல நூத்துக்கு நாலஞ்சு பங்குதான் திருப்பி அனுப்புது.

இப்ப பாதைக்கு வருவோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சிறுகோள் பட்டைன்னு சொல்றோம்ல, அதோட வெளி ஓரத்துல இருக்கு இது. சூரியன்லேந்து பூமி இருக்க தூரத்தை ஒன்னுன்னு வச்சுக்கிட்டா இது சராசரியா 3.48, அதாவது 52 கோடி கிமீ. ஒரு சுத்து சுத்த ஆறரை வருஷம். பாதை பெருசா நீண்டு போகல, கிட்டத்துல வந்தா 3.2ஐ ஒட்டி, தள்ளிப் போனா 3.8, பூமியோட பாதைத் தளத்துக்கு 11 டிகிரி சாய்வு. நம்மளும் சுத்துறோம் அதுவும் சுத்துது, அதனால ரெண்டு பேரும் சூரியனுக்கு ஒரே பக்கமா வந்து நிக்கிறது பதினாலு மாசத்துக்கு ஒரு தடவை. அப்பக்கூட அங்கேந்து வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வர இருபது நிமிஷம் ஆகும். யூட்யூப்ல வாரம் ஒருக்கா "பூமியை நோக்கி வரும் ராட்சத விண்கல்"னு செவப்பு எழுத்துல போடுறவங்க கண்ணுல இது படாம இருக்கணும், ஏன்னா சைஸை கேட்டா அலறுவாங்க, ஆனா இந்தப் பாதை பூமி பக்கமே எட்டிப் பார்க்காது.

ஓரத்துல இருக்குன்னு சொன்னேன்ல, அதுல ஒரு சுவாரசியம். பட்டைக்குள்ள சில தூரங்கள்ல சிறுகோளே அனேகமா இருக்காது, சந்து மாதிரி காலியா கிடக்கும். வியாழன் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள சரியா ரெண்டு சுத்து சுத்துற எடம்னு ஒன்னு இருக்கு, 3.27 தூரத்துல, அங்க இருந்தா வியாழன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இழுத்து பாதையை கெடுத்து விட்டுரும். டேனியல் கிர்க்வுட்னு அமெரிக்கர் ஒருத்தர் இந்த காலி எடங்களை எடுத்துச் சொன்னதும் 1866தான், நூறு சிறுகோள்கூட கையில இல்லாதப்பவே. சில்வியா இருக்கது அந்த சந்துக்கு அந்தப் பக்கம். பட்டையோட பெருங்கூட்டம் இந்தப் பக்கம், தாண்டிப் போனா ஆள் கம்மி.

எங்க வீடு பள்ளத்தூர்ல. செட்டிநாட்டு வானம் சிறுகோள் பார்க்க நல்ல வானம், இது ஊர்ப் பெருமைக்கு சொல்றதில்ல. நாம 10 டிகிரி வடக்குல இருக்கோம், கிரகங்களும் சிறுகோள்களும் போற பாதை நமக்கு நட்ட நடு உச்சியை ஒட்டியே போகும், ஐரோப்பாக்காரங்க தொடுவானத்துக்கு பக்கத்துல தூசிக்குள்ள தேடுறதை நாம கழுத்தை அண்ணாந்து பார்த்தா போதும். மழையும் கம்மி, ஐப்பசி கார்த்திகையை விட்டா மத்த மாசம் பூராம் வேலை நடக்கும். கூட்டாளி ஒருத்தன் காரைக்குடியிலேந்து எட்டு இன்ச் டெலஸ்கோப்பை வண்டியில வச்சு கொண்டாந்துருவான், ரெண்டு பேருமா அதை வளவு தாண்டி பின்கட்டு படியேறி மொட்டை மாடிக்கு தூக்குறதுக்குள்ள அப்பத்தா நாலு தடவ "டைல்ஸ் ஒடஞ்சிரப் போகுதுடா"ன்னு சத்தம் போடும், ஆத்தங்குடி கல்லு, போனா அதே டிசைன் திரும்ப வாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல.

பார்த்தா என்ன தெரியும்? புள்ளி. அவ்வளவுதான். பக்கத்து விண்மீனுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது, மறுநாள் ராத்திரி பார்த்தாத்தான் முழு நிலா அகலத்துல மூணுல ஒரு பங்கு நகர்ந்திருக்கும். கூடவே ஒரு கேமராவை மாட்டி ராத்திரி பூராம் வெளிச்சத்தை அளந்தோம்னா கூடிக் குறையிறது தெரியும், ஏன்னா உருண்டையா இல்ல அது, நீளமா இருக்கு, நீளவாட்டுப் பக்கம் நம்மள பார்க்கறப்ப வெளிச்சம் அதிகம், முனை திரும்பறப்ப கம்மி. அதை வச்சு தன்னைத்தானே சுத்த 5 மணி 11 நிமிஷம் ஆகுதுன்னு கணக்கு. நம்ம ஒரு நாளுக்குள்ள அதுக்கு நாலு விடியல் போயி அஞ்சாவதும் பாதி தாண்டிரும்.

இதையெல்லாம் ஒருநாள் காலையில முகப்புல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க ஐயா வாழ்நாள் பூராம் ஒரு வட்டிக்கடையில பேரேடு எழுதுனவரு. இப்ப கண்ணு மங்கலாயிருச்சு, கணக்கு மங்கல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீளம் 363 கிமீ, அகலம் 249, உசரம் 191னு சொல்றே, சரி, பெரிய டெலஸ்கோப்புல பார்த்து அளந்திருப்பாக. எடையும் சொல்றியேப்பா, தராசு எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு.

(அந்த நீளத்தை மனசுல வாங்கணும்னா, மெட்ராஸ்லேந்து காரைக்குடிக்கு காக்கா பறக்குற மாதிரி நேர்கோடு போட்டா 370 கிமீ சொச்சம் வரும். கண்டுபிடிச்ச ஊருக்கும் எங்க ஊருக்கும் உள்ள தூரந்தான் கல்லோட நீளம். தற்செயல்தான், ஆனா எனக்கு புடிச்சிருக்கு.)

ஐயா கேட்டது சரியான கேள்வி. வானத்துல இருக்க எதோட எடையையும் வெளிச்சத்தை மட்டும் பார்த்து சொல்ல முடியாது. அதை எதாச்சும் ஒன்னு சுத்தணும், இல்ல அது பக்கத்துல எதாச்சும் போயி பாதை மாறணும், அப்பத்தான் இழுப்பு எவ்வளவுன்னு தெரியும், இழுப்பு தெரிஞ்சாத்தான் எடை. பெரும்பாலான சிறுகோள்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது, அதுகளோட எடைன்னு புக்குல போட்டிருக்கதுல முக்காவாசி "இந்த மாதிரி கல்லா இருந்தா இவ்வளவு இருக்கும்"ங்கிற அனுமானம்.

சில்வியாவுக்கு நிலா இருக்கு. ஒன்னு இல்ல, ரெண்டு. 2001 பிப்ரவரியில ஹவாய்ல இருக்க கெக் டெலஸ்கோப்புல மைக்கேல் பிரவுனும் ஜான்-லுக் மார்கோவும் மொத நிலாவை பார்த்தாங்க. 2004ல சிலி நாட்டுல இருக்க 8.2 மீட்டர் டெலஸ்கோப்புல எடுத்த படங்கள்லேந்து ஃப்ராங்க் மார்ஷி குழு இன்னொன்னையும் கண்டுபிடிச்சு 2005ல அறிவிச்சாங்க, ரெண்டு நிலா இருக்கதா தெரியவந்த மொத சிறுகோள் இதான். ரோமாபுரி கதையில ரியா சில்வியாவோட ரெட்டைப் புள்ளைக பேரையே வச்சாங்க, வெளிய இருக்கது ரோமுலஸ், உள்ள இருக்கது ரீமஸ். ரோமுலஸ் இருபது கிமீ சொச்சம், ரீமஸ் பத்துக்குள்ள. காத்து மண்டலம் படத்தை கலங்கடிக்கிறதை நொடிக்கு நூத்துக்கணக்கான தடவ கண்ணாடியை வளைச்சு வளைச்சு சரிபண்ற ஏற்பாடு இந்த டெலஸ்கோப்புகள்ல உண்டு, அது இல்லாட்டி இதெல்லாம் நடக்காது, ஏன்னா கிட்ட இருக்கப்பக்கூட சில்வியா நமக்கு தெரியிற அகலம் முழு நிலா அகலத்துல பன்னெண்டாயிரத்துல ஒரு பங்கு.

ஐயாகிட்ட ரெண்டு வரி எழுதிக் காமிச்சேன். ரோமுலஸ் நடுவுலேந்து 1356 கிமீ தள்ளி, ஒரு சுத்துக்கு 87.6 மணி நேரம். ரீமஸ் 706 கிமீ, 33.1 மணி நேரம். ஒன்னை ஒன்னு சுத்துறதுக்கு விதி எழுதுன கெப்ளர் சொன்னது என்னன்னா, ரெண்டும் ஒரே கல்லைத்தான் சுத்துதுன்னா தூரத்தோட விகிதத்தை மூணு தடவ பெருக்குனதும், நேரத்தோட விகிதத்தை ரெண்டு தடவ பெருக்குனதும் சமமா வரணும். "எடு கால்குலேட்டரை"ன்னாரு. 1356ஐ 706ஆல வகுத்து மூணு தடவ பெருக்குனா 7.08 சொச்சம். 87.6ஐ 33.1ஆல வகுத்து ரெண்டு தடவ பெருக்குனா 7.00.

"எட்டு பைசா இடிக்குதே."

எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அவரு சிரிக்கல. 706ங்கிறதுல அஞ்சு கிமீ கூடவோ கொறையவோ இருக்கலாம்னு அளந்தவங்களே பக்கத்துல போட்டிருக்காங்க ஐயா, அந்த அஞ்சை மூணு தடவ பெருக்குற கணக்குல விட்டா 7.08ங்கிறது பதினஞ்சு பைசா முன்ன பின்ன ஆடும், எட்டு அதுக்குள்ளதான் வருதுன்னு சொன்னேன். "அப்படி எழுதியே வச்சிருக்காகளா?"ன்னு கேட்டுட்டு, எழுதியிருந்தா சரிதான்னு ஒத்துக்கிட்டாரு. எனக்கு விஞ்ஞானத்துல ரொம்பப் புடிச்ச பழக்கமே அதான், தொகைக்கு பக்கத்துலயே எவ்வளவு தப்பா இருக்கலாம்னும் சேர்த்து போடுறது. செய்தியில வர்றப்ப மொதல்ல வெட்டுறது அந்த பாகத்தைத்தான்.

அப்பறம் எடை. நியூட்டனோட ஈர்ப்பு எண்ணை சேர்த்துக்கிட்டா ஒவ்வொரு நிலாவும் தனித்தனியா சில்வியாவோட எடையை சொல்லும். ரோமுலஸை வச்சு போட்டா 148 எழுதி பக்கத்துல 17 சைபர், அத்தனை கிலோ. ரீமஸை வச்சு போட்டா 147க்கு பக்கத்துல அதே 17 சைபர். ரெண்டு சாட்சி, ஒருத்தரை ஒருத்தர் கலக்காம, ஏறக்குறைய ஒரே தொகை. நம்ம நிலாவோட ஒப்பிட்டா 5000ல ஒரு பங்கு. பூமியில 60 கிலோ காட்டுற ஆள் சராசரியா அங்க 300 கிராம் சொச்சந்தான் இருப்பாரு, நீளவாட்டு முனையில நின்னா அதுவும் இல்ல, வேகமா சுத்துறதுல அங்க ஈர்ப்போட கணிசமான பங்கு கழிஞ்சு போகும்.

எடையும் கன அளவும் தெரிஞ்சிட்டா அடுத்து அடர்த்தி. அதே கன அளவை உருண்டையாக்கிப் பார்த்தா 271 கிமீ விட்டம், அதுக்கு அடர்த்தி தண்ணியை போல 1.4 மடங்கு. கருங்கல்லே 2.7 மடங்கு. அப்ப கல்லு எப்படி இவ்வளவு லேசா இருக்கும்? இங்கதான் விஷயமே இருக்கு.

நம்ம பக்கம் பழைய வீடுகளை இடிக்கிறதை பார்த்திருப்பீங்க. தேக்கு தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு போயிரும், மிச்சம் செங்கலும் காரையும் ஒரு குவியலா கிடக்கும், பார்க்க வீடு ஒசரத்துக்கு பெருசா இருக்கும், லாரியில ஏத்துனா எதிர்பார்த்த எடை வராது, ஏன்னா துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இருக்கது பூராம் காத்து. சில்வியாவும் அப்படித்தான்னு 2005ல சொன்னாங்க. எப்பவோ ஒரு பெரிய கல்லை இன்னொன்னு வந்து மோதி ஒடச்சு, சிதறுன துண்டுகள் தன்னோட ஈர்ப்புலயே திரும்ப ஒன்னுகூடி கோணல்மாணலா ஒட்டிக்கிட்டது சில்வியா, கூட்டத்துல சேராம வெளிய நின்னுபோன துண்டு ரெண்டு நிலாக்கள். அதே மோதல்ல பிரிஞ்ச மாதிரி தெரியிற சின்னக் கல்லுக கூட்டம் ஒன்னும் அதே பாதையை ஒட்டி சுத்திக்கிட்டு இருக்கு.

அதோட முடிஞ்சிருந்தா கதை நல்லாத்தான் இருந்திருக்கும், ஆனா 2021ல இன்னொரு குழு பல வருஷத்து படங்களை சேர்த்து வச்சு நிலாக்களோட பாதையை திரும்ப நுணுக்கமா பொருத்திப் பார்த்தாங்க. சில்வியா நீளமா இருக்குல்ல, உள்ள ஒரே சீரா நெறஞ்சிருந்தா அந்த நீள உருவத்தோட இழுப்பு, கிட்ட சுத்துற நிலாவோட பாதையை மெல்ல மெல்ல திருப்பிக்கிட்டே இருக்கணும். அளந்தா அவ்வளவு திருப்பம் இல்ல. ஏறக்குறைய ஒரு உருண்டையை சுத்துற மாதிரியே சுத்துதுக. அப்படின்னா எடை பெரும்பாலும் நடுவுல திரண்டிருக்கணும், வெளி ஓரத்துல இருக்கது லேசு. உள்ள கெட்டியான ஒரு கரு, மேல ஐஸும் தூசியும் ஓட்டையுமா போர்வை, ஒரு காலத்துல உள்ள சூடாகி தண்ணி உருகி பாறை நடுவுல எறங்கியிருக்கும்ங்கிறாங்க. வெறும் குவியலா இருந்தா இப்படி அடுக்கு பிரிஞ்சு நிக்காது. எனக்கு இந்த ரெண்டாவது கதைதான் நம்புற மாதிரி இருக்கு, ஏன்னா உருவத்தை பார்த்து ஊகிக்காம நிலா ஓடுற ஓட்டத்துலேந்து எடுத்தது இது. ஐயா கேட்டுட்டு, "ஆக அந்த சின்னது ரெண்டும் இல்லாட்டி இவகளுக்கு ஒன்னும் தெரியாது"ன்னாரு. ஆமா, தெரியாது. புள்ளியாவே இருந்திருக்கும்.

போக்சன் மெட்ராஸ்ல 1868ல கண்டுபிடிச்ச கமில்லாவுக்கும் இதே மாதிரி ரெண்டு நிலா இருக்கு, ஒன்னு 2001ல, இன்னொன்னு 2016ல தெரிஞ்சது. அதுவும் அந்த சந்துக்கு அந்தப் பக்கம் 3.49 தூரத்துல, கிட்டத்தட்ட சில்வியா பாதையிலயே. மெட்ராஸ்காரருக்கு மாட்டுனது ரெண்டு குடும்பஸ்தன். போக்சனுக்கு அப்பறம் இந்திய மண்ணுலேந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆயிருச்சு, 1988 பிப்ரவரியில வாணியம்பாடி பக்கத்துல காவலூர்லேந்து ராஜமோகன் கண்டுபிடிச்சாரு, 4130 ராமானுஜன். அதுவும் தமிழ்நாடுதான்.

இதுல நம்மள மாதிரி மொட்டை மாடி ஆளுகளுக்கும் ஒரு வேலை இருக்கு. சில்வியா தன் பாதையில போறப்ப எப்பயாச்சும் ஒரு விண்மீனை மறைக்கும், அப்ப அதோட நிழல் பூமி மேல 270 கிமீ அகலத்துல, அதிகமோ கம்மியோ, ஓடும், நிழலுக்குள்ள இருக்கவங்களுக்கு அந்த விண்மீன் இருபது செகண்டு போல அணைஞ்சு திரும்ப எரியும். ஒவ்வொருத்தரும் அணைஞ்ச நேரத்தையும் எரிஞ்ச நேரத்தையும் துல்லியமா குறிச்சு ஒன்னா சேர்த்தா கல்லோட ஓரம் அப்படியே கோடு கோடா வந்துரும். 2013 ஜனவரி 6ல ஐரோப்பாவுல இப்படி நிறைய பேர் பண்ணாங்க, சில்வியாவோட நிழல் போக ரோமுலஸோட நிழலும் சிலருக்கு மாட்டுச்சு, அதுலேந்துதான் ரோமுலஸோட சைஸே சரியா தெரிஞ்சது. இதுக்கு பெரிய டெலஸ்கோப்பு வேணாம், விண்மீன் பிரகாசமா இருந்தா எட்டு இன்ச்சும் வீடியோ கேமராவும் ஜிபிஎஸ் டைமும் போதும். ஆனா ஒரே மாடியில பத்து பேர் நின்னா பிரயோஜனமில்ல, நிழலோட அகலத்துக்கு குறுக்க பரவி நிக்கணும். கிழக்கு மேற்கா நிழல் போச்சுன்னா திருச்சியில ஒருத்தர், புதுக்கோட்டையில ஒருத்தர், இங்க நாங்க, ராமநாதபுரத்துல ஒருத்தர். கூட்டாளி ராமநாதபுரத்துல மச்சான் வீட்டு மாடியை பேசி வச்சிருக்கான். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இன்னும் ஆள் அமையல.